செங்கல் லயத்து ஒன்பதாம் வீடு

செங்கல் லயம், ஜெலாப்பாங்
14 மார்ச் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

நவமணி வணங்கி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீங்களும் உடையப்பன் அண்ணனும் அப்படியே இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணே, இதற்கு மேல் படித்துக் காட்டுவதற்கு முன்னால் அக்காவை உட்காரச் சொல்லுங்கள்.

அக்கா, உங்கள் தம்பியைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை வேலை மாறும் நேரத்தில் ஆலை வாசலில் லாரி வந்து நின்றது. பாய்லர் பக்கம் நின்ற ஆண்களை எல்லாம் ஜப்பான்காரர்கள் ஏறச் சொன்னார்கள். ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம், முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்களாம். யாரோ ஓடிவந்து சொல்ல, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். லாரி நகர்ந்துவிட்டது. லாரிமேல் கையில் கரியோடு நின்றார். "வீட்ட மட்டும் விட்றாத புள்ள! நான் இங்கதான் வருவேன்!" என்று கத்தினார். வேறு ஒன்றும் காதில் விழவில்லை.

மறுநாளே ஆலைக் கணக்கெழுதும் அர்ச்சுனன் கிராணி வாசலில் வந்து நின்றார். "இது ஆலை வீடுலா, நவமணி. வேலை செய்யிற ஆளுக்குத்தான் குடுக்குறது. இப்ப நான் என்ன பண்றது?" என்றார்.

"அவரு திரும்பி வாரவரைக்கும் நான் வேலைக்கு வாரேன் அண்ணே."

"பாய்லர நீ பாப்பியா?"

"ரப்பர் வெட்டுவேன். கூட்டுவேன். எது குடுத்தாலும் செய்வேன்."

"அவன் வார வரைக்கும்தான்" என்று சொல்லிப் போனார்.

நீங்கள் வந்து பார்க்காத வீடு இது. தோட்டத்தை விட்டு ஆலைக்குப் போனவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

தபாலில் போட்டால் பிரித்துப் பார்க்கிறார்கள். தாப்பாவுக்குக் கிழங்கு ஏற்ற வரும் லாரிக்காரர் சீனியண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலும் அவரிடமே கொடுங்கள்.

உங்கள் காலைத் தொட்டு,
நவமணி


எட்டாங்கட்டைத் தோட்டம், தாப்பா
9 ஏப்ரல் 1943

சௌபாக்கியவதி நவமணிக்கு,

செல்லாயி சொல்ல உடையப்பன் எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். உன் சுகமும் குழந்தை சுகமும் தெரிய வேண்டும்.

கடிதம் வந்த நாளிலிருந்து அடுப்புப் பற்ற வைக்க மனம் வரவில்லை. எங்கள் அம்மா போனபோது தம்பி ஐயாவு நடக்கப் பழகாத பிள்ளை. இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டுதான் நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். வாளியில் பால் நிறையும் சத்தம் கேட்டால் சிரிப்பான். அவன் ஆலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கு ஆத்திரம். இங்கே என்ன குறை என்று கேட்டேன். "அக்கா, செங்கல் வீடுக்கா, சிமெண்டுத் தரை, மழை பேஞ்சா ஒழுகாது" என்றான். அந்த நேரத்தில் நான் சொன்ன வார்த்தையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. (இதை எழுத வேண்டாம் என்றேன். எழுது என்கிறாள். உடையப்பன்.)

இங்கே ரப்பருக்குக் கேட்பாரில்லை. மரத்தை வெட்டிவிட்டு எல்லோரும் மரவள்ளி போட்டிருக்கிறோம். வயிற்றுக்கு ஏதோ இருக்கிறது. நீ வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? நீயும் வந்துவிடு. வீடு முக்கியம் என்றால், குழந்தையையாவது அனுப்பு. எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பேன்.

தம்பியிடமிருந்து ஏதாவது செய்தி வந்தால், வந்த அன்றைக்கே சீனியிடம் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
செல்லாயி


செங்கல் லயம்
23 மே 1943

அன்புள்ள அக்காவுக்கு,

நவமணியின் வணக்கம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பாப்பாவும் வந்திருப்பாள். என் சுகத்துக்குக் குறைவில்லை.

அண்ணன் வந்து கூப்பிட்டதும் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் இரண்டு மாதமாக அவளைப் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்காவிடம் விட்டுப் போகிறேன். அவர்கள் வீட்டிலும் அரைவயிறுதான். நேற்று வேலை முடிந்து வந்தபோது பாப்பா குழாயடியில் உட்கார்ந்து சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். அப்புறம் நான் எதுவும் யோசிக்கவில்லை.

அவள் தூங்கும்போது யாருடைய காது மடலையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். கீரை ஊட்டினால் துப்புவாள், கிழங்கோடு பிசைந்து கொடுத்தால் தெரியாமல் விழுங்கிவிடுவாள். இடி இடித்தால் மட்டும் பக்கத்தில் இருங்கள்.

ஆலையில் இப்போது ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள். நாங்கள் பெண்கள் பழைய ரப்பர் தட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறோம். கை கறுத்துப் போய்விட்டது, நாற்றம் போகாது. மற்றபடி கஷ்டம் இல்லை.

அவர் உங்களுக்கு இந்த வீட்டைப் பற்றிச் சொல்லியிருப்பார். ஆலை கட்டியபோதே வெள்ளைக்காரக் கம்பெனி மிஷின்காரர்களுக்காகக் கட்டிய வரிசை. ஒரே கூரை, பதினெட்டு வீடு. கதவுக்கு மேலே செங்கல் வளைவு, அதில் இரும்பு நம்பர். எங்களுடையது ஒன்பது. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது, மேலே காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீடு தள்ளி "நூறு வயசு" என்பார்கள். அவர் வேலை முடிந்து வந்து சிரிப்பது கடைசி வீட்டுக்குக் கேட்கும். இப்போது எல்லா வீட்டிலும் சத்தம் குறைந்துவிட்டது.

மூன்று மாதம் என்றார்களே, அடுத்த மாதத்தோடு முடிகிறது.

நவமணி


எட்டாங்கட்டைத் தோட்டம்
17 ஆகஸ்டு 1943

சௌபாக்கியவதி நவமணிக்கு,

செல்லாயியின் ஆசீர்வாதம். நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது, தப்பாக நினைக்காதே.

பாப்பா முதல் வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தாள். உனக்குச் சொல்லாமல் விட்டேன். சரியான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், சரியாகிவிட்டது, சொல்லிவிட்டேன். இப்போது கோழிக்குஞ்சு பின்னாலேயே ஓடுகிறாள். இவர் மீசையைப் பிடித்து இழுக்கிறாள். இந்த மனிதர் இத்தனை வருஷத்தில் என்னிடம் பேசாத பேச்செல்லாம் அவளிடம் பேசுகிறார். (பொய். உடையப்பன்.) காது மடலைப் பிடித்துப் பிடித்து என் தோடு ஓட்டை பெரிதாகிவிட்டது.

கீரையை இப்போது துப்புவதில்லை.

தம்பியிடமிருந்து ஏதாவது வந்ததா? எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் வீட்டிலும் யாருக்கும் ஒரு வரி வரவில்லை. வேலை முடியாமல் இருக்கும், மழைக்காலம் அல்லவா, என்று எல்லோரும் பேசிக்கொள்கிறோம். நீ தைரியமாக இரு. அவன் சின்னப் பிள்ளையிலேயே காட்டுக்குள் வழி தவறிப் போய்ச் சாயங்காலம் சிரித்துக்கொண்டு வந்தவன்.

கிழங்கு மாவு அனுப்பியிருக்கிறேன். வெயிலில் ஒரு நாள் போட்டு எடுத்து வை.

செல்லாயி


செங்கல் லயம்
20 அக்டோபர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு பரவாயில்லை. காலில் மட்டும் கொஞ்சம் வீக்கம், எல்லோருக்கும் இருக்கிறது.

லயத்தின் பாதி வீடுகளை எண்ணெய்ப் பீப்பாய் வைக்க எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை காலி. அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் புகுந்து இருக்கிறார்கள். பத்தாம் வீட்டிலிருந்த கருப்பம்மாள் அக்காவும் அவர் இரண்டு மகள்களும் என்னோடு இருக்கிறார்கள். நல்லதுதான். துணைக்கு ஆள் இருக்கிறது, ஒரு அடுப்பில் பொங்கிக்கொள்கிறோம்.

வீடு பிரிக்கும்போது கிராணி மறுபடி என்னிடம் வந்தார். ஏழு மாதம் ஆகிவிட்டதே என்றார். "வாரேன்னு சொல்லியிருக்காரு அண்ணே" என்றேன். நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, நான் ஏன் உங்களிடம் வரவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நான் இங்கிருந்து போய்விட்டால் அவர் வந்து எந்தக் கதவைத் தட்டுவார்? வேறு ஆள் திறந்து "யாரு வேணும்" என்று அவரைக் கேட்கக் கூடாது.

பாப்பாவுக்கு என் முத்தம். தீபாவளிக்கு அவளுக்கு எண்ணெய் தேய்த்து விடுங்கள். இங்கே தேங்காயெண்ணெய் கண்ணில் பட்டே நாளாயிற்று.

உங்கள் தம்பி கடிதம் வரவில்லை.

நவமணி


எட்டாங்கட்டைத் தோட்டம்
2 டிசம்பர் 1943

அன்பான நவமணிக்கு,

செல்லாயி சொல்லி எழுதுவது. குழந்தை சுகம். நாங்களும் இருக்கிறோம்.

நீ புறப்பட்டு வந்துவிடு. வீட்டை விட்டுவிடு. செங்கலையும் சிமெண்டையும் கட்டிக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது. இங்கே பலகை வீடுதான், ஆனால் நான் இருக்கிறேன், பிள்ளை இருக்கிறாள். காலில் வீக்கம் என்று எழுதியிருக்கிறாய். அங்கே நின்று வேலை செய்தால் வீக்கம் ஏறிக்கொண்டுதான் போகும். வேலையை விட்டேன் என்று கிராணியிடம் சொல்லிவிட்டு சீனி லாரியிலேயே ஏறி வா.

காரணம் கேட்காதே. பெரியவள் சொல்கிறேன், கேள்.

செல்லாயி


செங்கல் லயம்
6 பிப்ரவரி 1944

அக்காவுக்கு,

நவமணி எழுதுவது.

பொங்கலுக்கு வந்து திரும்பியதிலிருந்து உங்களுக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து என் பிள்ளையைப் பார்க்க ஆசையாக வந்தேன். கையை நீட்டினேன். அவள் உங்கள் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். "அம்மா, யாரு இது?" என்று உங்களைக் கேட்டாள். உங்களை அம்மா என்று. நீங்கள் திருத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனீர்கள். அங்கே இருந்த இரண்டு நாளும் என் முகத்தை நேராகப் பார்த்து நீங்கள் பேசவில்லை.

இங்கே வந்த பிறகு உங்கள் டிசம்பர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். வீட்டை விடு, வேலையை விடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேலையும் வீடும் இல்லாமல் உங்கள் வாசலில் வந்து விழுந்தால், அப்புறம் பிள்ளை யார் பிள்ளை என்ற கேள்வியே இருக்காது. அதுதானே அக்கா?

இன்னொன்றும் பார்த்தேன். எல்லாக் கடிதத்திலும் "தம்பி செய்தி உண்டா" என்று கேட்பீர்கள். இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொங்கலுக்கு வந்தபோதும் கேட்கவில்லை. பிள்ளை கிடைத்ததும் தம்பியை மறந்துவிட்டீர்களா?

பாப்பாவை அனுப்பிவிடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

நவமணி


எட்டாங்கட்டைத் தோட்டம்
3 மார்ச் 1944

அன்பான நவமணிக்கு,

பிள்ளையை இவரோடு அனுப்பியிருக்கிறேன். சுகமாக இருக்கிறாள். வழியில் தின்ன அவித்த கிழங்கு கட்டிக் கொடுத்தேன். இரண்டு சட்டை தைத்திருக்கிறேன், என் பழைய சேலைதான், துணி நல்ல துணி.

இந்த ஒரு மாதமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் அத்தை, உன் அம்மா ஜெலாப்பாங்கில் இருக்கிறாள் என்று. இப்போது சரியாகச் சொல்கிறாள். கேட்டுப் பார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

செல்லாயி


செங்கல் லயம்
16 ஜூலை 1944

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

நவமணி வணங்கி எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முட்டிவலி அதிகம் என்று சீனியண்ணன் சொன்னார். வேப்பெண்ணெய் கிடைத்தால் சூடு காட்டித் தேயுங்கள்.

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஒரு மாதமாகப் பல்வலி. தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். வரிசை முழுக்கக் கைவைத்தியம் சொன்னார்கள். கருப்பம்மாள் அக்கா எங்கேயோ தேடி ஒரு கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். இப்போது தேவலை.

பாப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இரவில் என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை காது இல்ல" என்று கையை எடுத்துக்கொள்கிறாள். சீனியண்ணன் லாரிச் சத்தம் கேட்டால் ஓடிப் போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். இறக்க முடியவில்லை. "எட்டாங்கட்ட போலாம்" என்கிறாள். அவரும் பாவம், லாரியை நிறுத்திவிட்டு அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

நான் பிப்ரவரியில் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள் அக்கா. அதில் இருந்த எதுவும் என் வார்த்தை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகக் கிழங்கும் கீரையும் போட்டிருக்கிறோம். மண் நல்ல மண். அண்ணனுக்கு ஆலையில் விறகு தள்ளும் வேலை கேட்டால் கிடைக்கும். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். நான் பிள்ளைக்காக மட்டும் கூப்பிடவில்லை. எனக்காகவும் கூப்பிடுகிறேன்.

நவமணி


எட்டாங்கட்டைத் தோட்டம்
10 செப்டம்பர் 1944

தங்கச்சி நவமணிக்கு,

உடையப்பன் எழுதுவது. இதுவரை அவள் சொல்ல நான் எழுதினேன். இது நானாக எழுதுவது. அவளுக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு ஒரு தடவை படித்தேன். "இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். படித்தேன். "ஐயாவு பத்தி ஒண்ணுமே எழுதலயே" என்றாள். "எழுதல" என்றேன். பிறகு, "அவளுக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

அவள் நினைப்பது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. தப்பாக இருந்தால், இனி நான் எழுதப் போவதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும்.

போன தீபாவளி கழிந்து கார்த்திகேசு என்று ஒருவன் சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தான். எலும்பும் தோலுமாக வந்தான். ஐயாவுவோடு ஒரே குடிசையில் இருந்தவன். மழைக்காலத்தில் ஐயாவுக்குக் காலில் புண் வந்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டதாம். கடைசியில் அவன் மடியில்தான் தலை இருந்தது, தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்றான். அநாதையாகப் போகவில்லை அம்மா. அதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும்.

செல்லாயி கிழங்குக் கொல்லைக்குள் போய் மண்ணில் விழுந்து அழுதாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்கு எழுதாதீங்க. வருவாருன்னு சொல்லித்தான் அந்த வீட்டுல இருக்கா. அந்த நெனப்புலதான் நிக்கிறா. இங்க வரட்டும், பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லிக்கலாம்" என்றாள். அதனால்தான் வா வா என்று எழுதச் சொன்னாள். அந்தக் கடிதத்திலிருந்து உனக்குச் சௌபாக்கியவதி என்று போட என் கை வரவில்லை. நீ கவனித்தாயோ என்னவோ.

பொங்கலுக்கு நீ வந்தபோது சொல்லிவிடலாம் என்றிருந்தாள். நீ பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாய். சொல்ல முடியவில்லை. உன்னை நிமிர்ந்து பார்த்தால் அழுதுவிடுவாள், அதனால் பார்க்கவில்லை. பிறகு உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது. உண்மையை எழுதிவிட்டால் உன் கோபம் தீரும் என்று நான் சொன்னேன். "என்மேல கோவமா இருக்கட்டும். கோவத்துலயாவது அவ சாப்பிட்டுட்டு வேலைக்குப் போவா" என்றாள்.

அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. இரண்டு வரி எழுது.

உடையப்பன்


செங்கல் லயம்
8 அக்டோபர் 1944

என் அக்காவுக்கு,

நவமணி. நீங்கள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சுகம்.

அண்ணனைக் கோபிக்காதீர்கள். அவர் எனக்கு எழுதிவிட்டார். ஆனால் எனக்கு முன்பே தெரியும்.

மே மாதக் கடைசியில் கார்த்திகேசு வேலை தேடி இங்கே பக்கத்திலிருக்கும் ஈப்போவுக்கு வந்திருக்கிறார். ஆலை வாசலில் நின்று "பாய்லர் ஐயாவு வீடு எது" என்று கேட்டார். வீட்டுக்குக் கூட்டி வந்தால் எல்லோருக்கும் கேட்கும் என்று நினைத்தேனோ, முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதோ, ரோட்டோரத்திலேயே நிறுத்திக் கேட்டேன். சொன்னார். "ஒங்க நாத்தனாருக்குப் போன தீபாவளிக்கே தெரியும்லா" என்றும் சொன்னார்.

அக்கா, அப்போது எனக்கு உங்கள் தம்பி முகம் வருவதற்கு முன்னால் உங்கள் முகம்தான் வந்தது. நான் பிப்ரவரியில் எழுதிய கடிதத்தை அண்ணன் படிக்க, நீங்கள் உட்கார்ந்து கேட்ட முகம்.

வீட்டுக்கு வந்து கிழங்கு அவித்தேன். அழ முடியாது. அழுதால் ஒன்பது வீட்டுக்கும் கேட்கும், கேட்டால் கிராணிக்குப் போகும், உங்கள் தம்பி வரும்வரைதான் வீடு என்று பேச்சு. அதனால் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு பல்வலி என்றேன். பல்வலிக்காரி கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றால், எனக்காக நீங்கள் அத்தனை பாடுபட்டு மூடி வைத்ததை நான் எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் கடிதம் வந்த அன்றைக்கு என்னால் முடியவில்லை. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதுவிட்டேன். கருப்பம்மாள் அக்கா என்ன என்று கேட்கக்கூட இல்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாம் வீட்டில் அழுகை கேட்டது. பிறகு ஏழாம் வீட்டில். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் சயாமுக்குப் போயிருக்கிறாரே அக்கா, அவரவர் அடக்கி வைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் என் வாசலில் இருந்தார்கள். தலைவிரித்து உட்கார்ந்து முறையாக ஒப்பாரி வைத்தார்கள். உங்கள் தம்பிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

மறுநாள் நானே கிராணியிடம் போய்ச் சொன்னேன். "அவரு வர மாட்டாரு அண்ணே. சயாம்லயே போயிட்டாரு. வீட்ட என்ன செய்யணும் சொல்லுங்க."

அர்ச்சுனன் கிராணி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஐயாவு எனக்கும் தம்பி மாதிரிதான்" என்றார். அப்புறம், "வேலை செய்யிற ஆளுக்குத்தானே வீடு. ஒன்றரை வருசமா யாரு வேலை செய்யிறா?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அப்புறம் என்ன கேள்வி? போ, மணியடிச்சாச்சு."

வீடு இருக்கிறது அக்கா. இனி அது அவருக்காகக் காத்திருக்கும் வீடு இல்லை. எனக்கு அது பழக நாளாகும். நீங்கள் வந்தால் சீக்கிரம் பழகும்.

உங்கள் நவமணி


எட்டாங்கட்டைத் தோட்டம்
5 நவம்பர் 1944

என் நவமணிக்கு,

செல்லாயி சொல்ல உடையப்பன் எழுதுவது. சாப்பிட்டேன். நேற்றும் சாப்பிட்டேன், இன்றும் சாப்பிட்டேன். இதை முதலில் எழுதச் சொல்கிறார் இவர்.

நாங்கள் வருகிறோம். கிழங்கைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம், முடிய இரண்டு வாரம் ஆகும். சீனி லாரியில் மூட்டையோடு மூட்டையாக வந்து இறங்குவோம். விறகு தள்ளத் தெம்பு இருக்கிறதா என்று இவரைக் கேட்டேன். உன்னையே இத்தனை வருஷம் தள்ளிக்கொண்டு வந்தேனே என்கிறார். கோழி இரண்டு இருக்கிறது, பாப்பாவிடம் சொல்.

வந்ததும் அவனைப் பற்றி நான் ஏதாவது சொல்லி அழுவேன் என்று பயப்படாதே. அழுவேன்தான். நீயும் அழு. சுவருக்குமேல் காற்றுப் போக இடம் இருக்கிறது என்று எழுதினாயே, கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

ஒன்று மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு அவள் அப்பன் முகம் நினைவிருக்காது. தூக்கி வைத்திருந்த கைகூட நினைவிருக்காது. அவன் பிறந்ததிலிருந்து உன் கழுத்தில் தாலி கட்டிய நாள் வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் தெரியும், கோபத்தில் நான் வந்து பார்க்காமல் விட்டது அத்தனையும். நீ உன் பங்கைச் சொல், நான் என் பங்கைச் சொல்கிறேன். அவள் கேட்டுக் கேட்டு வளரட்டும்.

ஆரம்பத்தை நான்தான் சொல்வேன். உனக்கும் அது தெரியாது. அவன் பிறந்த அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி வந்தாள். நான் முன்னால் ஓடி வந்து கதவைத் திறந்தேன்.

மீதியை வந்து சொல்கிறேன்.

செல்லாயி